மயிலாத்தாள் மன அமைதியில் முதலிடம் வந்த கதை

ஒரு காட்டில் ஓர் ஆறு ஓடியது. காட்டில் ஆறு ஓடுவதில் கதை ஒன்றும் இல்லை. அந்த ஆற்றங்கரையில் குடியிருக்கத் தேர்வு வைத்தார்கள், அங்கேதான் கதை ஆரம்பிக்கிறது.

முன்பெல்லாம் யாருக்குத் தாகமோ அவர்கள் போனார்கள், குடித்தார்கள், வந்தார்கள். ஒரு கோடையில் ஆறு கொஞ்சம் மெலிந்தது. உடனே யானைகள் கூடிப் பேசின.

"எல்லாரும் வந்து குடிச்சா எப்படி? தகுதின்னு ஒண்ணு வேண்டாமா?"

அதிலிருந்து ஆற்றியல் என்று ஒரு பாடம் வந்தது. பாடத்துக்கு ஒரு தேர்வு வந்தது. பிள்ளை தேறினால் குடும்பத்தோடு ஆற்றங்கரைக்குப் போகலாம். தேறாவிட்டால் கிழக்கே முள்ளுக்காடு. ஒரு பிள்ளை மூன்று தடவை எழுதலாம், அதற்கு மேல் வாய்ப்பில்லை. யானைகளுக்கு மட்டும் தேர்வு கிடையாது. அவர்கள் ஏற்கெனவே ஆற்றங்கரையில் இருந்தார்கள், ஆகவே தகுதி அவர்களிடம் தானாகவே இருந்தது.

முள்ளுக்காட்டில் பழனாத்தாள் என்று ஓர் அழுங்கு இருந்தாள். அழுங்கைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மூக்கு நீளம், நாக்கு அதைவிட நீளம், உடம்பு முழுக்க ஓடு வேய்ந்தது போலச் செதில். சாப்பாடு எறும்பும் கறையானும். பயம் வந்தால் தலையை வயிற்றுக்குள் செருகிப் பந்தாகச் சுருண்டுகொள்ளும். சிறுத்தை வந்து உருட்டிப் பார்க்கும், கடித்துப் பார்க்கும், பல் வலி எடுத்துப் போய்விடும். அந்த இனத்துக்குக் கடவுள் கொடுத்தது அந்த ஒரு வித்தைதான். அதை எங்கே பயன்படுத்த வேண்டும், எங்கே கூடாது என்று சொல்லிக் கொடுக்க அவர் மறந்துவிட்டார்.

பழனாத்தாளுக்கு ஒரே மகள். பெயர் மயிலாத்தாள். அழுங்குக்கு எதற்கு மயில் பெயர் என்று கேட்கக் கூடாது. பெற்றவளுக்கு ஆசை இருக்காதா?

மயிலா கெட்டிக்காரி. ஆற்றியல் புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டை வரை சொல்லுவாள். ஆனால் முதல் தடவை தேர்வுக்குப் போனபோது, கேள்வித்தாள் முன்னால் வந்து விழுந்ததும் சுருண்டுவிட்டாள். மேற்பார்வைக்கு வந்திருந்தது ஒரு காட்டுக்கோழி. அது கொத்திப் பார்த்தது, சுற்றிச் சுற்றி வந்து பார்த்தது. கடைசியில் தன்னை மறந்து அவள்மேல் ஏறி அடைகாக்க உட்கார்ந்துவிட்டது. இரண்டாம் தடவை அவ்வளவு தூரம்கூடப் போகவில்லை. வாசலில் நுழைவுச்சீட்டைக் காட்டச் சொன்னார்கள், அங்கேயே பந்து.

"ஆறு எங்க கண்ணு பொறக்குது?" என்று வீட்டில் அம்மா கேட்பாள்.

"மேக்கால மலை உச்சியில, புல்லு மேட்டுக்கு அடியில. மழைத் தண்ணியப் புல்லு புடிச்சு வெச்சுக்கும். வெயில் காலத்துல கொஞ்சம் கொஞ்சமா உடும். அதுதான் ஆறு."

"இத்தனை தெரியுதில்ல? இதை அங்க எழுதறதுக்கு என்ன கேடு?"

"கேள்வித்தாளைப் பாத்தா கழுத்து தானா உள்ள போயிருதும்மா."

பழனாத்தாள் அதோடு புத்தகத்தை மூடி வைத்துவிடுவாள். அவள் காலத்தில் அவளுடைய கழுத்தும் உள்ளேதான் போயிருந்தது. இல்லாவிட்டால் அவர்கள் ஏன் முள்ளுக்காட்டில் இருக்கப் போகிறார்கள்?

மூன்றாம் தடவைதான் கடைசி. முள்ளுக்காட்டுப் புற்றுகளில் ஈரம் வற்றிக்கொண்டே வந்தது. ஈரமில்லாத புற்றில் கறையான் தங்காது. கறையான் போனால் பின்னாலேயே அழுங்கும் போக வேண்டியதுதான், எங்கே என்பதுதான் தெரியாது. பழனாத்தாள் மகளைக் கூட்டிக்கொண்டு கொம்பையாவின் உறைவிடப் பள்ளிக்குப் போனாள்.

தாளாளர் கொம்பையா ஓர் இருவாட்சிப் பறவை. அலகின்மேல் இன்னொரு அலகைக் கவிழ்த்து வைத்தது போல மஞ்சள் கொம்பு. பேசும்போது அந்தக் கொம்பும் சேர்ந்து பேசுவது போலிருக்கும்.

"என்ர புள்ளைக்கு எல்லாம் தெரியுமுங்க சார். எழுதத்தான் வரமாட்டேங்குது."

"எழுத வெக்கறது எங்க பொறுப்பு. எங்க பரம்பரை முறை தெரியுமில்ல? முட்டை வெக்கற காலத்துல எங்க வீட்டுப் பொம்பளைங்களை மரப்பொந்துக்குள்ள உக்கார வெச்சு, வாசலை மண்ணு வெச்சுப் பூசிருவோம். ஒரு கீறல் மட்டும் உடுவோம். அது வழியாப் பழம் ஊட்டுவோம். குஞ்சு பொரிச்சுத்தான் வெளிய வருவாங்க. அதே முறைதான் பள்ளிக்கூடத்துலயும். கீறல் வழியாப் பாடம். பாசாகித்தான் வெளிய வரணும்."

"உள்ள மூச்சு முட்டாதுங்களா?"

"என்ர சம்சாரம் வருசா வருசம் உள்ள போறா. இதுவரைக்கும் ஒரு குறை சொன்னதில்ல."

"சொன்னா வெளிய கேக்குமுங்களா சார்?"

கொம்பையா இறக்கையை ஒருமுறை உதறினார். "அட்மிசன் வேணுமா, வேண்டாமா?"

மயிலாவைப் பொந்துக்குள் விட்டுப் பூசினார்கள்.

உண்மையைச் சொன்னால், மயிலாவுக்குப் பொந்து பிடித்திருந்தது. இருட்டு, குளிர்ச்சி, சுவரில் நாலைந்து எறும்பு. பிறந்ததே வளையில்தான். கஷ்டப்பட்டவர்கள் மற்றவர்கள். புள்ளிமான் பிள்ளைகளுக்குக் கால் மடங்கவில்லை, பொந்துக்கு வெளியே நான்கு குளம்புகள் நீட்டிக்கொண்டிருந்தன. குரங்குப் பிள்ளைகள் உள்ளே குட்டிக்கரணம் போட்டு மரத்தையே ஆட்டினார்கள். மயிலாவின் தொல்லை கீறல்தான். நிம்மதியாகப் படித்துக்கொண்டிருப்பாள். திடீரென்று கொம்பையாவின் அலகு உள்ளே நுழையும்.

"தண்ணீர் குடிக்கும் முறைகள் எத்தனை? வகைப்படுத்து!"

உடனே பந்து. அலகு கொஞ்ச நேரம் பந்தைத் தட்டும், ஒரு அத்திப்பழத்தைப் போடும், போய்விடும். அழுங்கு அத்திப்பழம் தின்னாது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. சாப்பாடு பாடத்திட்டத்தில் இல்லை.

இன்னொரு விஷயம். மயிலாவைப் போலப் பாதிப் பிள்ளைகள் இரவில் விழித்துப் பகலில் தூங்குகிற பிறவிகள். அவர்களுக்கு விடிந்ததும் முதல் வகுப்பு. பகலில் விழிக்கிறவர்களுக்குத் தனிப்படிப்பு இரவில். ஆக யாருமே தூங்கவில்லை. அந்தப் பள்ளியில் சமத்துவம் என்று ஒன்று இருந்தது என்றால் அது இதுதான்.

பக்கத்துப் பொந்தில் ஒரு முள்ளம்பன்றிப் பையன் இருந்தான். பெயர் பட்டுத்துரை. மரத்தில் ஒரு வெடிப்பு இருந்தது, அதன் வழியாகப் பேசிக்கொள்வார்கள்.

"ஏ புள்ள, தூங்கறியா?"

"இல்ல. நீ?"

"என்ர முள்ளு ஒண்ணு உழுந்திருச்சு."

"இன்னைக்குமா?"

"நேத்து மூணாம் பாடத்துக்கு ஒண்ணு. இன்னைக்கு நாலாம் பாடத்துக்கு ஒண்ணு. புத்தகம் முடியறப்ப நான் பெருச்சாளி ஆயிருவேன் பாரு."

மயிலா சிரித்துவிடுவாள். சிரித்தால் செதில்கள் ஒன்றோடொன்று உரசிக் கிலுகிலுவென்று சத்தம் வரும். "சிரிக்காத புள்ள, சலங்கை கட்டுன பேயின்னு நெனச்சுக்குவாங்க" என்பான் பட்டுத்துரை. அவனாலும் அந்த மாதிரி சத்தம் எழுப்ப முடியும், வால் முள்ளை ஆட்டினால் போதும். இரண்டு பேரும் மாறி மாறிக் கிலுக்கிக்கொண்டிருந்தால் கொஞ்ச நேரம் பாடம் மறந்து போகும்.

இப்படியே போனதில் மாதத் தேர்வில் எல்லாருக்கும் மதிப்பெண் குறைந்தது. கொம்பையா யோசித்தார். மண் பூச்சு மெல்லிசாக இருக்கிறது என்று கண்டுபிடித்து இன்னொரு அடுக்குப் பூசினார். மதிப்பெண் இன்னும் குறைந்தது. கீறலை இன்னும் சின்னதாக்கினார். முதல் ரேங்க் வாங்கிக்கொண்டிருந்த மலை அணில், விடைகளைப் பத்திரமாக எங்கோ ஒளித்து வைத்துவிட்டதாகவும் எங்கே என்று நினைவில்லை என்றும் எழுதி வைத்துவிட்டு அழுதான்.

பெற்றோர் கூட்டத்தில் ஒரு கடமான் அம்மா எழுந்தாள். "பக்கத்துக் காட்டுல இதுக்கு மன அழுத்தம்னு பேரு வெச்சிருக்காங்க சார். அது இருந்தா மார்க்கு வராதாம்."

"அப்படியா?" கொம்பையா கொம்பை ஒரு கிளையில் தேய்த்தபடி யோசித்தார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். "அப்ப அமைதியையும் பாடமா வெச்சிருவோம். நூறு மார்க்கு."

எல்லாரும் கை தட்டினார்கள். யானைகளுக்கும் அந்த யோசனை பிடித்துப்போனது. அந்த வருடத்திலிருந்து ஆற்றியல் நூறு, மன அமைதி நூறு, இரண்டையும் கூட்டி நூறு வந்தால் ஆற்றங்கரை என்று அறிவித்துவிட்டார்கள்.

மன அமைதி ஆசிரியராக ஒரு தேவாங்கு வந்தார். தேவாங்குக்குக் கண் எப்போதும் விரிந்தே இருக்கும். இரவுப் பிறவியான அவருக்கும் வேலை பகலில்தான். அந்தக் கண்ணைப் பார்த்தாலே யாரோ செத்துப்போன செய்தி கொண்டு வந்தவர் போலிருக்கும்.

"எல்லாரும் கண்ணை மூடுங்க. நான் மூட மாட்டேன், எனக்கு வேலை இருக்குது. மூச்சை உள்ள இழுங்க. டேய் குரங்கு, யார்ரா அங்க அவசரமா மூச்சு உடறது? நிதானமா உடு. நிதானத்துக்குப் பத்து மார்க்கு."

வீட்டுப்பாடமும் உண்டு. இருபது தடவை அமைதியாக இருந்து, ஒவ்வொரு தடவைக்கும் தாளாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். வாங்காதவர்கள் 'நான் பதற மாட்டேன்' என்று நூறு முறை எழுத வேண்டும். பட்டுத்துரை நூறு முறை எழுதிக் கொடுத்தான். எழுத்து நடுங்கியிருக்கிறது என்று சொல்லி மறுபடி எழுதச் சொன்னார்கள்.

பார்வையாளர் நாளில் பெற்றோர்கள் வந்தார்கள். கீறல்களின் முன்னால் நின்று விசாரித்தார்கள்.

"அடுத்த பொந்துப் பையன் அமைதியில தொண்ணூத்தாறுடா! அவனும் உன்னைய மாதிரி எலைதானே தின்னுறான்? அவனுக்கு வர்ற நிம்மதி உனக்கு ஏன்டா வரமாட்டேங்குது?" என்று ஒரு குரங்கு அப்பா கீறல் வழியாகக் கையை விட்டு மகனை ஒரு சாத்து சாத்தினார்.

பழனாத்தாளும் வந்தாள். அவள் மதிப்பெண் எதுவும் கேட்கவில்லை. ஒரு இலையில் கட்டிக் கொண்டுவந்த செவ்வெறும்பு முட்டையைக் கீறல் வழியாகத் தள்ளினாள். "தின்னு சாமி" என்றாள். பிறகு, சொல்ல வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே வந்ததைச் சொல்லிவிட்டாள். "நம்ம வீட்டுக்குப் பின்னால இருந்த பெரிய புத்தும் காலியாயிருச்சு."

அப்புறம் மயிலாவுக்கு எறும்பு முட்டை இறங்கவில்லை.

தேர்வு நாள் வந்தது. மண்ணை உடைத்துப் பிள்ளைகளை வெளியே எடுத்தார்கள். வெளிச்சத்தில் கண் கூச, ஒருவரையொருவர் யாரோ போலப் பார்த்துக்கொண்டார்கள். நாவல் மரத்தடியில் வரிசையாக உட்கார வைத்தார்கள். காலையில் ஆற்றியல்.

கேள்வித்தாள் வந்து மயிலாவின் முன்னால் விழுந்தது. முதல் கேள்வியைப் பார்த்தாள். ஆறு எங்கே பிறக்கிறது? தெரியும். இரண்டாம் கேள்வி. அதுவும் தெரியும். மூன்றாம் கேள்விக்குப் போகும்போது வீட்டுக்குப் பின்னாலிருந்த காலிப் புற்று ஞாபகத்துக்கு வந்தது. கழுத்து உள்ளே போனது. பந்து.

விடைத்தாளைப் பந்துக்குப் பக்கத்திலிருந்து வெள்ளையாகவே எடுத்துக்கொண்டு போனார்கள். வேலிக்கு வெளியே நின்ற பழனாத்தாள் அதைப் பார்த்தாள். தேவாங்கும் பார்த்தார். அவருடைய கண் இன்னும் விரிய முடியும் என்று அன்றுதான் எல்லாருக்கும் தெரிந்தது.

மதியம் மன அமைதி செய்முறைத் தேர்வு. அதற்கு வெளித் தேர்வாளராக அடுத்த காட்டு ஏரியிலிருந்து ஒரு சாம்பல் நாரை வந்திருந்தார். அமைதியைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை என்று பெயர். தண்ணீரில் ஒற்றைக் காலில் அசையாமல் அரை நாள் நிற்பார். அவர் எதற்காக அப்படி நிற்கிறார் என்று மீன்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லும். மீன்களை யாரும் கேட்கவில்லை.

"தேர்வு மிக எளிது" என்றார் நாரை. அவர் புத்தகத்தில் இருப்பது போலவே பேசுவார். "பேரொலி எழுப்பப்படும். அசைந்தவருக்கு அமைதி இல்லை. அசையாதவருக்கு அமைதி உண்டு. அசைவுக்கேற்ப மதிப்பெண் குறைக்கப்படும்."

காலையில் சுருண்ட மயிலா இன்னும் பிரியவில்லை. கொம்பையா அவளை அலகால் உருட்டிக்கொண்டு வந்து வரிசையில் வைத்தார். பக்கத்தில் பட்டுத்துரை.

நாரை தலையசைத்தார். மூன்று யானைகள் துதிக்கையைத் தூக்கிச் சேர்ந்து பிளிறின.

புள்ளிமான் பிள்ளைகள் இருந்த இடத்தில் தூசிதான் இருந்தது. குரங்குப் பிள்ளைகள் நாவல் மரத்தின் உச்சியிலிருந்து, "சார், நாங்க அமைதியாத்தான் ஏறினோம்!" என்று கத்தினார்கள். மலை அணில் கண்ணை இறுக மூடிக்கொண்டு மூச்சை உள்ளே இழுத்தான், வெளியே விட மறந்து மயங்கி விழுந்தான். விழுவதும் அசைவுதான் என்று நாரை குறைத்துக்கொண்டார்.

பட்டுத்துரையின் முதுகில் மிச்சமிருந்த முட்கள் விறைத்து நின்றன. ஆனால் அவன் கால் நகரவில்லை. நாரை அவனைச் சுற்றி வந்தார். "முள் எழுந்துள்ளது. ஆயினும் உடல் அசையவில்லை. பாதி தரலாம்." பட்டுத்துரை காலையில் ஆற்றியலை நன்றாக எழுதியிருந்தான். பாதி வந்தால் போதும், ஆற்றங்கரை.

அடுத்து மயிலா.

நாரை குனிந்து பார்த்தார். கழுத்தை வளைத்து இன்னொரு பக்கம் பார்த்தார். மறுபடி யானைகளுக்குத் தலையசைத்தார். மறுபடி பிளிறல். பந்து அசையவில்லை.

"என்னே நிலை!" என்றார் நாரை. "புலன்கள் அனைத்தும் உள்முகமாக ஒடுங்கிவிட்டன. என் வாழ்நாளில் இப்படி ஒரு மாணவியை..."

அப்போது கிலுகிலு என்று ஒரு சத்தம் கேட்டது.

பந்துக்குள் மயிலா நடுங்கிக்கொண்டிருந்தாள். செதில்கள் ஒன்றோடொன்று மோதின. நிறுத்த வேண்டும் என்று நினைக்க நினைக்க நடுக்கம் கூடியது.

நாரையின் கழுத்து நிமிர்ந்தது. "என்ன ஓசை அது?"

கொம்பையா அலகை மூடிக்கொண்டார். தேவாங்கு வானத்தைப் பார்த்தார். ஒரு பிள்ளையாவது நூறு வாங்காவிட்டால் அந்தப் பாடத்தை எடுத்துவிடுவதாகப் பேச்சு இருந்தது, பாடம் போனால் அவர் வேலையும் போகும். வேலிக்கு அந்தப் பக்கம் பழனாத்தாள் மண்ணை நகத்தால் கீறிக்கொண்டு நின்றாள்.

"நாந்தானுங்க சார்" என்றான் பட்டுத்துரை.

வால் முள்ளை ஆட்டினான். கிலுகிலுகிலுவென்று பெரிதாகக் கேட்டது. இன்னும் ஆட்டினான். "பயமுங்க சார். நிறுத்த முடியலீங்க. இவ பக்கத்துல உக்காந்திருக்கறது எனக்கு இன்னும் பயமா இருக்குதுங்க. இத்தனை அமைதிய நான் பாத்ததே இல்லீங்க சார்."

அவனுடைய சத்தத்தில் மயிலாவின் சத்தம் காணாமல் போனது.

"டேய், என்னடா பண்ற?" என்று பந்துக்குள்ளிருந்து மெல்லக் கேட்டாள் மயிலா.

"வாயத் தொறக்காத புள்ள. எனக்கு இன்னும் ஒரு தடவை இருக்குது" என்றான் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு.

நாரை அவனுக்குச் சுழி போட்டார். மயிலாவுக்கு நூற்றுக்கு நூறு போட்டார்.

மாலையில் மொத்தம் கூட்டினார்கள். மயிலாத்தாள்: ஆற்றியலில் சுழி, மன அமைதியில் நூறு. மற்றவர்கள் ஆற்றியலில் நாற்பதும் ஐம்பதும் வாங்கியிருந்தாலும், ஓடியதிலும் ஏறியதிலும் விழுந்ததிலும் அமைதி மதிப்பெண் போய், யாரும் அவளை எட்டவில்லை. ஆற்றைப் பற்றி ஒரு வரிகூட எழுதாத மயிலா காட்டிலேயே முதலிடம். யானைகள் மாலையோடு வந்தன. அந்தக் காலடிச் சத்தத்தைக் கேட்டு அவள் இன்னும் இறுகச் சுருண்டாள்.

எல்லாரும் போன பிறகு பழனாத்தாள் வேலி தாண்டி வந்து பந்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதுகைத் தடவினாள்.

"கண்ணு, பிரிஞ்சு வா. முடிஞ்சுபோச்சு. ஆத்தங்கரை வந்திருச்சு."

கொஞ்ச நேரம் கழித்து ஒரு மூக்கு வெளியே வந்தது.

"அம்மா, கேள்வியெல்லாம் எனக்குத் தெரிஞ்ச கேள்விதான்."

"உடு சாமி. இனி உன்னைய யாரும் ஒரு கேள்வியும் கேக்க மாட்டாங்க."

"அதைத்தாம்மா சொல்றேன். தெரிஞ்சதை இனி நான் யாருகிட்டச் சொல்றது?"

பழனாத்தாளுக்கு அது புரிந்தது. புரிந்ததால் பேச்சை மாற்றினாள். "எந்திரி, இருட்டறதுக்குள்ள எடம் பாக்கோணும்."

மயிலா எழுந்தாள். அம்மாவின் பின்னால் போகாமல் நேரே நாவல் மரத்தடிக்கு நடந்தாள். நாரை இன்னும் கிளம்பவில்லை. கொம்பையாவும் தேவாங்கும் அவரை வழியனுப்ப நின்றார்கள். தள்ளி, தன்னுடைய மிச்ச முட்களை எண்ணிக்கொண்டு பட்டுத்துரை உட்கார்ந்திருந்தான். இன்னொரு வருடப் பொந்துக்கு அவன் பெயரை மறுபடி எழுதியாகிவிட்டது.

மயிலா வருகிற வேகத்தைப் பார்த்ததும் தேவாங்குக்கு விஷயம் விளங்கிவிட்டது. "பாப்பா, பாப்பா, இப்ப எதுக்கு... எனக்கு ரெண்டு குட்டி இருக்குதும்மா" என்று குறுக்கே வந்தார். மயிலா அவரைச் சுற்றிக்கொண்டு போனாள்.

"சார்" என்றாள்.

நாரை குனிந்தார். "சொல் மகளே."

"அந்தச் சத்தம் அவன் போட்டதில்லீங்க சார். அது வந்து..."

நாரை இன்னும் குனிந்தார். நீளமான கழுத்து. கத்தி மாதிரி அலகு. அலகுக்கு மேலே, இமைக்காத மஞ்சள் கண். 'நான்தான் நடுங்கினேன்' என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். மயிலா வாயைத் திறந்தாள்.

பந்து.

நாரை அசந்து போய் நின்றார். கண்ணில் நீர் முட்டியது. "பார்த்தீர்களா? நண்பனின் பழியைத் தன்மேல் ஏற்க வந்தாள். அதைச் சொல்லி முடித்தால் அதுவே பெருமையாகிவிடும் என்று அடங்கிவிட்டாள். இதற்கெல்லாம் என் பாடத்திட்டத்தில் மதிப்பெண்ணே இல்லையே!" தாளை வாங்கி நூறை அடித்துவிட்டு நூற்றைந்து என்று எழுதினார். பிறகு பட்டுத்துரையிடம் திரும்பினார். "தம்பி, அடுத்த ஆண்டு இவளைப் போல இருக்கப் பழகு."

"சரிங்க சார்" என்றான் பட்டுத்துரை. அவன் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்தார்கள். சிரித்துக்கொண்டிருந்தான். அப்புறம் சிரிப்பு நின்ற பிறகும் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது.

அடுத்த வருடம் கொம்பையாவின் பள்ளி வாசலில் பெரிய பதாகை வைத்தார்கள். எங்கள் மாணவி மயிலாத்தாள் என்று எழுதி, நடுவில் ஒரு உருண்டைப் படம். முகம் எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆற்றியல் வகுப்பைக் குறைத்துச் சுருளும் பயிற்சியைக் கூட்டினார்கள். மான்கள் சுருண்டன. குரங்குகள் சுருண்டன. தேவாங்குக்குச் சம்பள உயர்வோடு ஓர் உதவியாளரும் கிடைத்தார்.

"முள்ளு உள்பக்கமாக் குத்துதுங்க சார்" என்றான் பட்டுத்துரை.

"குத்தட்டும். அசையாத" என்றது கீறல் வழியாக வந்த அலகு.

ஆற்றங்கரையில் பழனாத்தாளுக்கு நல்ல ஈரப் புற்று கிடைத்தது. அவள் கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள். மயிலா தண்ணீரின் ஓரத்தில் உட்கார்ந்து, ஆறு எங்கே பிறக்கிறது, எந்தப் புல் அதைப் பிடித்து வைத்திருக்கிறது, கோடையில் ஏன் மெலிகிறது என்றெல்லாம் ஒரு பிழை இல்லாமல் ஆற்றிடமே சொல்லிக்கொண்டிருக்கிறாள். யானைகள் அந்தப் பக்கம் வந்தால் நிறுத்திவிட்டுச் சுருண்டுகொள்கிறாள். அவர்களும் மரியாதையாக விலகிப் போகிறார்கள்.

நீதி: பயப்படுவதாக இருந்தால் அசையாமல் பயப்படவும். அதற்குத்தான் மதிப்பெண்.